பாலர் ஆசிரியையின் படிப்பும் ஊதியமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



"குழந்தைக் கல்வி" என்ற தலைப்பைக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இத்தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பெற்றோரின் கடமையைப் பற்றிச் சொல்வார்கள், அல்லது குழந்தை வெள்ளைத்தாள், களிமண், இளஞ்செடி என்று உவமை சொல்வார்கள். நான் அந்த வெள்ளைத்தாளில் முதல் கோடு போடுகிற கையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தக் கைக்கு உரியவள் என்ன படித்திருக்கிறாள்? மாதம் முடிந்தால் அவள் கையில் என்ன வருகிறது? ஆலய வளாகத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் கூலியைப் பற்றி உலகத் திருச்சபைக்கே சுற்றுமடல் எழுதினார். 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை அவரை நினைத்தே அதே பெயரை ஏற்றுக்கொண்டார். ஆகவே நான் எல்லை மீறிப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம்.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிவலப் பாதையில் கடை போடுகிறவள், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள், செங்கல் சூளைக்குப் போகிறவள் ஆகிய தாய்மார் எல்லாரும் காலையில் தம் பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தகப்பன் பெங்களூரில் வேலையாயிருப்பான். பாட்டிக்கும் நூறுநாள் வேலை இருந்தது. எனவே இரண்டு வயது நிறைந்த பிள்ளை அங்கன்வாடிக்குப் போகிறது. கொஞ்சம் வசதி உள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆட்டோவில் நர்சரிப் பள்ளிக்குப் போகிறது. எங்கே போனாலும், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அப்பிள்ளை தாயல்லாத வேறொரு பெண்ணின் பார்வையில் வளர்கிறது. அவளைப் பற்றி நாம் எத்தனை முறை யோசித்திருக்கிறோம்? திருவிழா மலரில் நன்கொடையாளர் பெயரெல்லாம் அச்சாகிறது. பாலர் வகுப்பு டீச்சரின் பெயர் அச்சானதை நான் பார்த்ததில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் மத்திய கல்வி ஆலோசனைக் குழு, மீனா சுவாமிநாதன் அம்மையாரின் தலைமையில், பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், 1975 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அங்கன்வாடி என்று நாம் சொல்வது அதில் பிறந்ததுதான். அன்று பணியாளருக்கு மாதம் எவ்வளவு தெரியுமா? மெட்ரிக் தேறாதவருக்கு 100 ரூபாய், மெட்ரிக் தேறியவருக்கு 150 ரூபாய், உதவியாளருக்கு 35 ரூபாய். இதில் ஒன்றைக் கவனியுங்கள். படித்தவளுக்குக் கூடுதல் என்ற நியாயம் முதல் நாளே ஏற்கப்பட்டிருந்தது. ஐம்பது ரூபாய்தான் வித்தியாசம் என்றாலும், நூற்றுக்கு ஐம்பது என்றால் அது பாதிப் பங்கு அல்லவா? காலப்போக்கில் தொகைகள் உயர உயர, இந்த வித்தியாசம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்து, பிறகு மறைந்தே போயிற்று.

நம் மாநிலத்தில் 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்களின் சத்துணவுத் திட்டம் வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை முதற்கொண்டு சோறு போட்ட திட்டம் அது. அதனால் பசியாறிய தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. அத்திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், ஆயா என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. நல்ல எண்ணந்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நல்ல எண்ணத்தோடு ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டது. வேலை கொடுத்ததே உதவி, எனவே ஊதியம் பற்றிக் கேட்பது நன்றிகெட்டதனம் என்ற கருத்து. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, அது பிறவியிலேயே வருவதுதானே என்ற கருத்தும் அதனோடு சேர்ந்தது. இன்றுவரை இவ்வேலைக்கு அரசுத் தாள்களில் வழங்கும் சொல் "மதிப்பூதியம்" என்பது. மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை என்று அப்பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மத்திய அரசு 2018 அக்டோபர் முதல் தன் கணக்கில் நிர்ணயித்த தொகை பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய்.

தமிழ்நாடு இதில் மற்ற பல மாநிலங்களைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே அங்கன்வாடிப் பணியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தில் அது 7,700 முதல் 24,200 வரை என்றாயிற்று. உதவியாளருக்கு 4,100 முதல் 12,500 வரை. இதன்மேல் படிகள் சில சேரும். 2025இல் மாநிலம் முழுதும் 7,783 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தபோது பணியாளருக்குக் கேட்கப்பட்ட படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. முதல் பன்னிரண்டு மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 2017 திருத்தத்தின்படி, எட்டாம் வகுப்புத் தேறினால் போதும் என்ற அலுவலக உதவியாளரின் தொடக்க ஊதியம் 15,700. தொடக்கப்பள்ளி இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 20,600. அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பவளுக்கும், அதே பிள்ளைக்கு மறு ஆண்டு ஜூன் மாதம் கூட்டல் கற்றுக்கொடுப்பவருக்கும் இடையில் 12,900 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். பிள்ளையின் அறிவு அந்த ஒரு கோடை விடுமுறையிலா அவ்வளவு விலை ஏறிவிட்டது?

"அவர் ஆசிரியர் பயிற்சி முடித்தவர், இவள் முடிக்கவில்லையே" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. அங்கன்வாடிப் பணியாளருக்கு வேலையில் சேர்ந்தபின் தரப்பட்ட அடிப்படைப் பயிற்சி, பல ஆண்டுகளாக 26 வேலை நாட்கள் என்றிருந்தது. அந்த 26 நாளில் ஊட்டச்சத்து, தடுப்பூசி, எடை பார்த்தல், கர்ப்பிணிப் பெண்கள் கவனிப்பு, பதிவேடு எழுதுதல் எல்லாம் அடங்க வேண்டும். பிள்ளைக்குக் கற்பிக்கும் கலை என்பது அதில் ஒரு மூலை. வேலையும் அப்படித்தான். சமையலைக் கவனிப்பாள், வீடு வீடாகப் போவாள், 2021க்குப் பிறகு கைப்பேசிச் செயலியில் கணக்கு ஏற்றுவாள், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் அவள் தலையில் விழும். ஜவ்வாது மலையில் உள்ளதுபோன்ற சிற்றூர்களுக்காக வந்த குறு மையங்களில், திட்ட விதிப்படியே உதவியாளர் இல்லாமல், ஒருத்தியே எல்லாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. பாடம் நடத்தவில்லை என்று அவளைக் குறை கூறுமுன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் என்ன வேறுபாடு? இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெற்றோர் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை "ஏ, பி, சி, டி" முழுதும் எழுதிவிட்டால் நல்ல பள்ளி என்கிறோம். பென்சில் பிடிக்கும் விரல் எலும்பு இன்னும் முற்றாத வயதில் நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பது கல்வியன்று, கூலி வேலை. பயிற்சி பெற்ற ஆசிரியை என்ன செய்வாள்? ஒரு தட்டில் புளியங்கொட்டையும் கொண்டைக்கடலையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வாள். பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தெரியும். அங்கே கட்டைவிரலும் சுட்டுவிரலும் எழுதுவதற்குத் தயாராகின்றன; இதுவும் அதுவும் வேறு என்று வகைப்படுத்தும் அறிவு, அதாவது கணக்கின் வேர், ஊன்றப்படுகிறது. மணலில் விரலால் "ட" எழுதவைப்பாள். கதை சொல்லி நடுவில் நிறுத்தி, "பிறகு நரி என்ன செய்திருக்கும்?" என்று கேட்பாள். அடம்பிடிக்கிற பிள்ளையை அடிக்காமல், அது ஏன் அழுகிறது என்று கண்டுபிடிப்பாள். காது சரியாகக் கேட்காத பிள்ளையை "மந்தம்" என்று ஒதுக்காமல், மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருப்பாள். இவையெல்லாம் தாய்மை உணர்ச்சியால் மட்டும் வந்துவிடா. படித்துத்தான் வர வேண்டும். அங்கன்வாடிகளுக்கென்று நம் மாநிலத்தில் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டம் இருக்கிறது. அதைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த மனமும் நேரமும் அவளுக்கு வேண்டும்.

நம் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவரே இத்துறையின் தாய் என்பதை இங்கே நினைவூட்டலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் தம் முதல் "குழந்தைகள் இல்ல"த்தைத் திறந்தது 1907 ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளில். மருத்துவம் படித்த அப்பெருமாட்டி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவர் என்று ஆங்கில அரசு அவர் மகனைக் காவலில் வைத்தது, அவர் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. ஆயினும் கோடைக்கானலிலும் சென்னையிலும் அவர் பயிற்சியை விடவில்லை. உலகம் போற்றிய ஒரு பெண்மணி நம் தமிழ்நாட்டில் வந்து உட்கார்ந்து சொன்னதன் சாரம், சிறு பிள்ளைகளின் ஆசிரியைக்கே நுட்பமான பயிற்சி அதிகம் வேண்டும் என்பது. இன்று தெருவுக்குத் தெரு அவர் பெயரைப் பலகையில் எழுதி ஆறு மாதச் சான்றிதழ் விற்கிறார்கள். அந்தச் சான்றிதழ்களில் எத்தனைக்கு அங்கீகாரம் உண்டு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள் என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளில் முன்பள்ளிக் கல்விக்கென்று இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு ஐம்பது எடுத்தவர் சேரலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் பட்டயம் உண்டு. 2014 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தொழிற்கல்வி இளநிலைப் பட்டத்துக்கும் வழி திறந்தது. ஆக, படிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. படித்துவிட்டு எங்கே போவது என்பதுதான் பிரச்சினை.

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் என்று எழுதியது, அதுவும் பெரும்பாலும் தொலைக்காட்சி, கைப்பேசி வழியாக. அக்கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்காமல், 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் படித்து முடித்தால் ஊதியம் எவ்வளவு உயரும் என்று சொல்லாமல் படிக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் அரைத் திட்டந்தான். இரவு எட்டு மணிக்குச் சோறாக்கிவிட்டுக் கைப்பேசியில் பாடம் கேட்கிற பெண்ணுக்கு, அதனால் தன் வீட்டில் என்ன மாறும் என்று தெரிய வேண்டாமா?

படித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அது பதவி இறக்கம் என்று அவர்கள் வழக்காடினார்கள். (சிறு பிள்ளைக்குப் பாடம் சொல்வது இறக்கம் என்று ஆசிரியரே கருதும்படி ஆயிற்றே என்பது எனக்கு இன்றும் வருத்தம்.) 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு வகுப்புகளைக் கைவிடப் பார்த்தார்கள், மக்கள் எதிர்ப்பால் தொடர முடிவாயிற்று. பயிற்சி பெற்றவர்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஊதியம் மாதம் 5,000 ரூபாய். இருபத்தைந்து வேலைநாள் என்று வைத்தால் நாளுக்கு 200. அதே 2022-23ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நூறுநாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 281 ரூபாய். மண்வெட்டி பிடிப்பவரின் கூலியை நான் குறைவாக மதிக்கவில்லை. பட்டயம் வாங்கிய கைக்கு அதைவிடக் குறைவு என்றால், அந்தப் பட்டயத்துக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

நல்ல செய்தி ஒன்றும் சொல்கிறேன். கார்த்திக் முரளீதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை செய்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பாதி மையங்களில் பாடத்துக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக வைத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதுமட்டுமன்று, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. ஏனென்றால், பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்கக் கை ஓய்ந்தது. செலவைவிடப் பயன் பன்மடங்கு என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளியைப் பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள். அங்கே படித்த ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் நாற்பது வயதிலும் மற்றவரைவிட நல்ல நிலையில் இருந்தார்கள் என்று. அப்பள்ளியின் ஆசிரியைகள் தகுதிச் சான்று பெற்றவர்கள் என்பதையும், பொதுப்பள்ளி ஆசிரியருக்குக் குறையாத ஊதியம் பெற்றவர்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. குஜராத் மாநிலம் தாகோத் மாவட்ட அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரல் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைக்கு உரியவர்கள், அவர்கள் பெறும் மதிப்பூதியம் ஊதியமே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்ற 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை அந்நீதிமன்றம் உறுதிசெய்தது. 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும். பழைய பணிக்கொடைச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டாலும் உரிமை தொடர்கிறது. கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசியில் 15,000 வாங்கி முப்பது ஆண்டு உழைத்தவளுக்கு ஏறத்தாழ 2,59,600 ரூபாய் வரும். பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்கிற பள்ளி, அது கோயில் நடத்தும் பள்ளியானாலும், இதற்குக் கட்டுப்பட்டதே.

இங்கேதான் நம் வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது. அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் பங்குகளும் நடத்துகிற பாலர் வகுப்புகளில் என்ன கொடுக்கிறோம்? அரசு உதவிபெறும் உயர்நிலைப் பிரிவில் உள்ளவருக்கு அரசு ஊதியம்; அதே வளாகத்தில் பாலர் வகுப்பில் உள்ளவளுக்கு நிர்வாகம் கொடுப்பது. "சேவை மனப்பான்மை" என்ற சொல்லை அவளிடம் மட்டுமே சொல்கிறோம். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் எழுதிய தொழில் பற்றிய சுற்றுமடலில், ஒரு சமுதாய அமைப்பு நேர்மையானதா என்று உரசிப் பார்க்கும் கல் நியாயமான கூலியே என்ற பொருள்பட எழுதினார். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதைப் பற்றிப் புனித யாகப்பர் எழுதியதை நாம் பூசையில் வாசிக்கக் கேட்கிறோம். அதைக் கேட்கும்போது ஏதோ தூரத்துப் பண்ணைக்காரனை நினைத்துக்கொள்கிறோம்.

பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். கேட்க வேண்டியதுதான் அவர் வேலை. ஒரு பாலர் வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்று வையுங்கள். ஆசிரியைக்கு மாதம் 3,000 உயர்த்தினால் பிள்ளைக்கு 100 ரூபாய். அதைத் தர முடியாத பெற்றோர் பத்துப் பேர் இருந்தால், பங்கு ஏற்க வேண்டியது மாதம் ஆயிரம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். தேர்ப்பவனிக்கு நாம் விடுகிற வாணவேடிக்கை கால்மணி நேரத்தில் எவ்வளவை வானத்துக்கு அனுப்புகிறது என்பது இங்குள்ள திருவிழாக் குழுவினருக்குத் தெரியும். நான் சொல்லி மனத்தாங்கல் உண்டாக்க வேண்டாம். பட்டயம் முடித்தவளுக்குக் கூடுதலாக இவ்வளவு என்று எழுதிவைத்தால், முடிக்காதவளும் படிக்கத் தொடங்குவாள். அவள் படிக்கும் கட்டணத்தில் பாதியைப் பள்ளி ஏற்று, மூன்று ஆண்டு இங்கேயே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பயிற்சி பெற்றவுடன் வேறு பள்ளிக்கு ஓடிவிடுவாள் என்ற பயம் அப்போது இராது.

அங்கன்வாடியையும் நாம் கைவிடலாகாது. 2019இல் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராயிருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் தம் மகளை அங்கன்வாடியில் சேர்த்தார். அச்செய்தி வந்த நாளில் அம்மையத்தின் பணியாளர் எவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பார்! நம் பங்கில் அன்பியங்கள் ஒவ்வொன்றும் தன் தெருவிலுள்ள மையத்துக்கு மாதம் ஒருமுறை போய், ஒரு பாய், கொஞ்சம் வண்ணச் சுண்ணக்கட்டி, ஒரு படப் புத்தகம் என்று என்ன வேண்டும் என்று கேட்கலாம். சாதி, மதம் பாராமல் எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் இந்தக் கோயில் நகரத்தில் வேறு எத்தனை உண்டு?

பங்குத்தந்தை அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த ஜூன் மாதத்துக்கு முன் கூடும் பங்குப் பேரவைக் கூட்டத்தில், பாலர் வகுப்பு ஆசிரியைகள், ஆயாக்கள் ஆகியோரின் ஊதியத்தையும் பணிக்கொடையையும் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வைக்க வேண்டும். அக்கூட்டத்துக்கு அவர்களில் இருவரையாவது அழைத்து, உட்காரவைத்து, பேசவிட வேண்டும். அங்கன்வாடியிலோ தனியார் பள்ளியிலோ ஐந்தாண்டுக்குமேல் வேலை செய்து ஓய்வு பெற்ற சகோதரிகள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். நியமன ஆணை, சம்பளப் பட்டியல், வங்கிப் புத்தகம் எதையும் பழசு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அவற்றை எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். இளைஞர் இயக்கத்தினர் இருவர் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டு, விண்ணப்பம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.